அடிபட்டுத் துடிக்கும் மயிலை வலி தீரக் கொன்றுவிட்டால் வழக்கு வருமா?

வெண்ணாற்றுப் பாசனம்

வணக்கம். சம்பா அறுப்பு நடக்கிற நேரம். எங்கள் பக்கம் தார்ச்சாலையில்தான் நெல் காய்கிறது. அதைக் கொத்துவதற்கு மயில்கள் கூட்டமாக இறங்குகின்றன. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் ஒரு கார் பெண்மயில் ஒன்றை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இரண்டு காலும் முறிந்து, ஒரு இறக்கை பிய்ந்து தொங்க, அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. களத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "இது பிழைக்காது, கழுத்தைத் திருகி விட்டுடறேன், பாவம்" என்று குனிந்தார். பக்கத்தில் நின்ற பையன், "தாத்தா, மயில் மேல கை வச்சா ஏழு வருஷம் உள்ள போட்டுடுவாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். வனத்துறைக்குப் போன் போட்டோம். வண்டி வேறு பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். அவர்கள் வருவதற்குள் அது செத்துவிட்டது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பெரியவர் இரக்கத்தால் கொன்றிருந்தால் சட்டத்தின் முன் அவர் யார்? குற்றவாளியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை வழக்கறிஞர்

அந்தப் பையன் சரியான நேரத்தில் கையைப் பிடித்திருக்கிறான்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இல் 'வேட்டை' என்பதற்குள் கொல்வது, பிடிப்பது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அடங்கும். எதற்காகக் கொன்றீர்கள் என்று அந்த விளக்கம் கேட்பதில்லை. மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அத்துடன் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2022 திருத்தத்துக்கு முன்பு இந்த அபராதத்தின் கீழ்வரம்பு 10,000 ஆக இருந்தது. அட்டவணை 2 விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிழைக்கவே வழியில்லாத விலங்கைக் கொல்ல சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிவு 11. மீள முடியாத அளவுக்கு முடமான அல்லது நோயுற்ற விலங்கைக் கொல்ல அனுமதி தரலாம். ஆனால் முதல் அட்டவணை விலங்குக்கு அந்த அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் மட்டுமே தர முடியும். அதையும் காரணம் குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். அவர் இருப்பது சென்னையில். அட்டவணை 2 விலங்கு என்றால் அவரோ, அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரோ தரலாம்.

அதாவது கருணைக்கொலையைச் சட்டம் மறுக்கவில்லை. அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் கறாராக இருக்கிறது. சாலையில் நிற்கும் நீங்களும் நானும் அந்த ஆள் இல்லை.

குறுவை விவசாயி

வக்கீல் தம்பி சொல்வது புத்தகத்துக்குச் சரி. கண் முன்னால் துடிக்கிற உயிருக்கு அது பதில் ஆகுமா? சென்னையிலிருந்து உத்தரவு வரும் வரை அது துடிக்க வேண்டுமா? கன்றை இழந்த பசு மணியடித்தால் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூரில் கல்தேராகவே வைத்திருக்கிறோம். அந்த மண்ணில் இருந்துகொண்டு வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்கள். அரசியல் சாசனமே உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று சொல்கிறதே, 51அ (எ)? அதைச் செய்தவனை எப்படி உள்ளே போடுவார்கள்?

மன்னை வழக்கறிஞர்

அய்யா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் நின்றால் 51அ (எ)வை நானும்தான் எடுத்துப் பேசுவேன். பெரிய தீங்கைத் தடுக்கக் கெட்ட எண்ணமின்றிச் செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 19 ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 81. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மனிதருக்கும் சொத்துக்கும் வரும் தீங்கைப் பற்றி. விலங்கின் வலியை அதற்குள் கொண்டுவர நிறைய வாதாட வேண்டும். அந்த வாதம் நடப்பது கைது, ஜாமீன், குற்றப்பத்திரிகை எல்லாம் தாண்டிய பிறகு. கூலி வேலைக்கு வந்த ஒரு பெரியவர் அதுவரை தாங்குவாரா என்பதுதான் என் கவலை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மயில்கறிக்கும் மயில் எண்ணெய்க்கும் வலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை, "வண்டியில அடிபட்டுக் கிடந்துச்சு சார்". கழுத்து திருகப்பட்ட மயிலோடு நிற்பவர் இரக்கக்காரரா, வேட்டைக்காரரா என்று வனவர் எதை வைத்துப் பிரிப்பார்? பாதுகாக்கப்பட்ட விலங்கோ அதன் பாகமோ ஒருவரிடம் இருப்பது நிரூபணமானால் அது சட்டவிரோதம் என்றே 57 ஆம் பிரிவின்படி கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு.

பத்துச் சக்கரம்

நான் நெல் லாரி ஓட்டுகிறேன். கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு ராத்திரியில்தான் அதிகம் ஓடுவோம். அறுப்பு மெஷின் வயலில் இறங்கியதும் உள்ளே இருந்த முயல், நரி, கீரி எல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். எவ்வளவு பிரேக் போட்டாலும் லோடு வண்டி நிற்க தூரம் வேண்டும். நானே அடித்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்? நின்றால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்துதான் எல்லோரும் போய்விடுகிறோம். இதை நேராகவே சொல்லுங்கள் சார்.

மன்னை வழக்கறிஞர்

நேராகவே சொல்கிறேன். விபத்தையும் வேட்டையையும் பிரித்துப் பார்க்கச் சட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. பிரிவு 39, இறந்து கிடந்த விலங்கையும் தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கையும் அரசின் சொத்து என்கிறது. தவறுதலாகக் கொல்வது நடக்கும் என்று சட்டத்துக்கே தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அதற்காக விசாரணையே இருக்காது என்று நான் உறுதி தர மாட்டேன். வேகம், இடம், நீங்கள் நின்றீர்களா, தகவல் சொன்னீர்களா எல்லாவற்றையும் கேட்பார்கள். வனத்துறை வண்டியை நிறுத்தி வைக்கவும் கூடும். சரணாலய எல்லைக்குள் நடந்தால் இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள்.

ஆனால் நின்று தகவல் சொன்ன ஓட்டுநருக்கும், ஓடிப்போய்ப் பிறகு கேமராவில் மாட்டியவருக்கும் வழக்கில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னவருக்கு நான் தைரியமாக வாதாடுவேன். அடித்த பிறகு "பாவம், துடிக்குது" என்று இரும்புக் கம்பியால் தலையில் போட்டுவிட்டால் விபத்து அந்த இடத்திலேயே வேறு ஒன்றாகிவிடும். பிரேதப் பரிசோதனையில் டயர் காயம் தனி, கம்பிக் காயம் தனி என்று தெரிந்துவிடும்.

கோடியக்காடு

நான் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரை சரணாலயம் 1967 இல் அறிவிக்கப்பட்டது. வெளிமானுக்குப் பேர் போன இடம். சாலைக்குக் குறுக்கே வெளிமானும் புள்ளிமானும் வரும். வெளிமான் முதல் அட்டவணை, புள்ளிமான் இரண்டாவது. வக்கீல் சார் சொன்ன வித்தியாசத்தை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால், ஒரே சாலையில் ஒரே மாதிரி இடுப்பு உடைந்து கிடக்கும் இரண்டு மானில் ஒன்றுக்கு அதிகாரம் பெற்ற அலுவலரே முடிவெடுக்கலாம், இன்னொன்றுக்குச் சென்னை உத்தரவு வேண்டும். வலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மான் அடிபட்டால் கூட்டம் கூடிவிடும். ஆளாளுக்குப் போன் லைட்டை முகத்தில் அடித்து வீடியோ எடுப்பார்கள். பாதி மான் அந்தப் பயத்திலேயே செத்துவிடும் என்று எங்கள் பக்கத்து வனக்காப்பாளர்கள் சொல்வார்கள்.

ஆடுமாடு மருத்துவர்

அவர்கள் சொல்வது உண்மை. மான் வகைகளுக்கு மிதமிஞ்சிய பயத்திலும் ஓட்டத்திலும் தசையே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். அன்றைக்குத் தப்பித்தாலும் சில நாளில் இறந்துவிடலாம். எனவே கூட்டத்தை விலக்குவதுதான் முதல் சிகிச்சை. கண்ணை மெல்லிய துணியால் மூடினால் மான் சட்டென்று அடங்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. "இது பிழைக்காது" என்று சாலையில் நிற்கிறவர் முடிவு கட்டுவதை நான் நம்புவதில்லை. வண்டி மோதிய பறவை அதிர்ச்சியில் கண்ணை மூடி, கழுத்து துவண்டு கிடக்கும். பார்த்தால் செத்தது போலவே இருக்கும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். கூகையும் ஆந்தையும் இப்படித்தான் ராத்திரியில் அடிபட்டு வரும், அவற்றில் பல பறந்து போகும். ஆனால் இரண்டு காலும் திறந்த முறிவாக, எலும்பு வெளியே தெரிய இருக்கும் மயில் வேறு கதை. அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முதுகெலும்பு முறிந்து பின்பாகம் இழுபடும் விலங்குக்கும் அப்படியே. இந்த வித்தியாசம் பயிற்சி பெற்ற கைக்குத்தான் தெரியும்.

தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்லெண்ணத்தில் எல்லோரும் செய்வது அதுதான். மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும்.

கழுத்தைத் திருகுவதைப் பற்றியும் சொல்கிறேன். கோழியில் பழகிய கை மயிலிடம் தவறும். கழுத்து நீளம், உடம்பு கனம். அரைகுறையாக முறிந்தால் வலி கூடும். நாங்கள் முதலில் வலி மருந்து, மயக்கம், அப்புறம்தான் மற்றது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் முதல் அட்டவணை விலங்குக்கு நானும் அந்தக் கடைசி ஊசியைப் போட முடியாது. வலி குறைக்கும் மருந்தை மட்டும் போடலாம். அதுவே பெரிய உதவி என்பது என் கருத்து. குறுவை அய்யா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கொல்ல உத்தரவு வரும் வரை துடிக்க விட வேண்டியதில்லை, வலியை நிறுத்த உத்தரவு தேவையில்லை.

குறுவை விவசாயி

டாக்டர் சொன்னது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கிராமத்தில் டாக்டர் கிடைப்பார்? 1962 க்குப் போட்டால் வண்டி வருமா?

ஆடுமாடு மருத்துவர்

1962 கால்நடைக்கான எண். மாடு, ஆடு, நாய்க்கு நல்ல உதவி. காட்டு விலங்கு என்றால் முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள்தான் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைப்பார்கள். தஞ்சைப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு ஒரு வசதி. எலும்பு முறிவு போன்ற பெரிய காயங்களை அங்கே கொண்டுபோகலாம். வனத்துறையின் கடிதமோ ஆளோ கூட இருந்தால் கேள்வியே எழாது.

பாமணி ஆசிரியை

கடிதம், ஆள் என்கிறீர்கள். யாரும் வராத இடத்தில் நானே என் காரில் ஏற்றிக்கொண்டு போனால்? வழியில் போலீஸ் நிறுத்தினால்? உயிரோடு ஒரு மயில் பின்சீட்டில் இருந்தால் என்ன சொல்வது? கொல்வதைவிட எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். பள்ளிப் பிள்ளைகள் அடிபட்ட பறவைகளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

மன்னை வழக்கறிஞர்

நல்ல கேள்வி டீச்சர். கண்டிப்பாகப் பார்த்தால் பிடிப்பதும் வேட்டையில் அடங்கும். ஆனால் தகவல் சொல்லி, அவர்கள் சொன்னபடி கொண்டுபோனவர் நிலை முற்றிலும் வேறு. தூக்குவதற்கு முன்பே வனத்துறைக்குப் போன் போடுங்கள். யார் பேசினார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "நான் இந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள். கிடந்த இடத்தையும் காயத்தையும் தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். வனத்துறை எடுக்கவில்லை என்றால் 112 க்குச் சொல்லுங்கள், அந்த அழைப்பு பதிவாகும். அரசுச் சொத்தாகிவிட்ட விலங்கோ உடலோ கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 39. நான் அதை வெளி எல்லையாகத்தான் எடுத்துக்கொள்வேன். மணிக்கணக்கில் தாமதிக்காமல் உடனே சொல்வதுதான் உங்களைக் காப்பாற்றும்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நாமே வளர்த்துத் தேற்றலாம் என்று நினைக்கவே கூடாது. நல்ல மனதுள்ளவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

சேங்காலிபுரம் வாசகர்

செத்த பிறகு? எங்கள் ஊரில் குரங்கு அடிபட்டுச் செத்தால் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குழி தோண்டி அடக்கம் செய்வது வழக்கம். ஆஞ்சநேயர் என்று கும்பிட்டு பால் தெளிப்பார்கள். மயிலுக்கும் முருகன் வாகனம் என்று அப்படியே செய்கிறார்கள். இதிலுமா சட்டம்?

மன்னை வழக்கறிஞர்

ஆம். இறந்து கிடக்கும் காட்டு விலங்கின் உடல் அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் அதை எடுப்பது, வைத்திருப்பது, அழிப்பது எல்லாமே 39 இல் வரும். நம் ஊர்களில் பார்க்கும் நாட்டுக்குரங்கும் இப்போது முதல் அட்டவணைதான். பக்தியோடு அடக்கம் செய்தவர்கள் மேல் யாரும் பாய வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஒரு போன் போட்டு வனத்துறை ஆள் வந்து பார்த்த பிறகு அதே மாலையைப் போடலாம், அவர்களே பெரும்பாலும் பரிசோதனை முடித்து அங்கேயே புதைப்பார்கள். இறந்த மயிலின் தோகையைப் பிடுங்கி வீட்டில் சொருகுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். தானாக உதிர்ந்த இறகு வேறு, உடலிலிருந்து பிடுங்கியது வேறு. அடித்தண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்துச் சக்கரம்

நரி அடிபட்டால்? அது கடிக்க வருமே.

ஆடுமாடு மருத்துவர்

நரியிடம் போகவே போகாதீர்கள். நரியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து ரேபிஸ். பட்டப்பகலில் சாலை ஓரமாகத் தள்ளாடும் நரி, வண்டியில் அடிபட்டதா, வெறிநோயால் தடுமாறி வண்டியில் விழுந்ததா என்று தெரியாது. வண்டியைப் பின்னால் நிறுத்தி, விளக்கைச் சிமிட்டவிட்டு, மற்ற வண்டிகள் ஏறாமல் பாருங்கள். அதுவே போதும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசியோடு, காயத்தைப் பொறுத்து இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது. நசுங்கிய பாம்பின் பக்கமும் போகாதீர்கள். தலை துண்டான பிறகும் சிறிது நேரம் கடிக்கும்.

மன்னை வழக்கறிஞர்

அடிபட்ட விலங்கு உண்மையிலேயே பாய்ந்து, உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் நல்லெண்ணத்தோடு அதைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமில்லை என்று 11(2) சொல்கிறது. தற்காப்புக்கு மட்டும். நகர முடியாமல் கிடக்கும் விலங்குக்கு அந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

தெருநாயையும் மாட்டையும் இதோடு குழப்ப வேண்டாம். அவை விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் கீழ் வருகின்றன. அதிலும் நாமே கொல்ல முடியாது. காவலர் பதவிக்கு மேல் உள்ள போலீஸ் அதிகாரி கால்நடை மருத்துவரை வரவழைத்து, உயிரோடு வைப்பதுதான் கொடுமை என்று அவர் சான்று தந்து, மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவும் பெற்றுச் செய்யலாம்.

குறுவை விவசாயி

எல்லாம் படித்தேன். பெரியவர் கையைப் பிடித்த பையன் செய்தது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எங்கள் கையைக் கட்டினால், கட்டாத கை ஒன்று நேரத்துக்கு வர வேண்டும். அது வராமல் 'நீ தொடாதே' என்று மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கோடியக்காடு

இதைத்தான் நானும் நினைத்தேன். மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வனத்துறையிலிருந்தும் வருகிறார்கள். மயில் நெல்லைத் தின்கிறது, காட்டுப்பன்றி வயலை உழுகிறது என்று மட்டும் மனு கொடுக்கிறோம். இதையும் கொடுப்போம். ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் எண் ஒவ்வொரு வனச்சரகத்துக்கும். அழைத்தால் வர ஒப்புக்கொண்ட கால்நடை மருத்துவர்களின் பட்டியல். முதல் அட்டவணை விலங்கின் காயத்தை மருத்துவர் வீடியோவில் காட்டி, சென்னையிலிருந்து உத்தரவை மின்னஞ்சலில் அன்றைக்கே வாங்கும் ஏற்பாடு. எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றுதானே சட்டம் கேட்கிறது, காகிதம் தபாலில் வர வேண்டும் என்று கேட்கவில்லையே?

மன்னை வழக்கறிஞர்

கேட்கவில்லை. மூன்றாவது கோரிக்கைக்குச் சட்டத்தைத் திருத்தவே வேண்டாம், நிர்வாக உத்தரவு போதும். மனுவில் 11(1) ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள், வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.

வெண்ணாற்றுப் பாசனம்

எங்கள் ஒன்றியத்திலிருந்து நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன். நெல்லைச் சாலையில் காயப்போடாமல் இருக்க ஊருக்கு ஒரு உலர்களம் வேண்டும் என்பதையும் நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மயில் ரோட்டுக்கு வருவதே அந்த நெல்லுக்காகத்தான்.

பத்துச் சக்கரம்

போன் எண் கிடைத்ததும் இங்கே போடுங்கள். எங்கள் லாரி சங்கத்தில் ஒட்டுகிறேன். நின்று தகவல் சொல்கிற டிரைவருக்கு ஒரு எழுத்து ரசீது தர வேண்டும் என்று ஐந்தாவதாகப் போடுங்கள் சார். அது கையில் இருந்தால் எங்க ஆட்கள் நிற்பார்கள்.